யாளியின் கழுத்தைத் தைத்தேன்

கரடி வேஷத்துக்கு எந்தப் பசை ஒட்டும், குரங்கு வேஷத்தின் வாலுக்கு எந்தக் கம்பி வளையும் என்று கேட்டு நீங்கள் அனுப்புகிற செய்திகளுக்கெல்லாம் நான் பதில் போடுவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நான் சணல் சாக்கைப் பிரித்துச் சாயம் முக்கிக் கரடி செய்தவன். நீங்கள் ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி, தலைக்குள் குட்டி ஃபேன் வைத்து, பேட்டரியில் கண் சிமிட்டவும் வைக்கிறீர்கள். கடைத் திறப்பு விழா, கல்யாண மண்டபம், கோவில் கொடை என்று நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறீர்கள். நம் சங்கரன்கோவில் அம்மன், கோமதியம்மாள், உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். முட்டி போனதால் வேஷம் கட்டுவதை விட்டாயிற்று. எனக்கு உங்களிடம் சொல்ல ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. அதையும் தெளிவாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே இன்னும் தெளியவில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். தொழிலுக்கு வந்த புதிதில், பக்கத்துத் திருவேங்கடம் ஊரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் கரடியாக நின்றேன். ஒரு பெண்குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. பெண் வீட்டுக்காரர், "ஓய், தலையைக் கழத்திக் காட்டும். உள்ள மனுசன்தான்னு தெரிஞ்சா பிள்ளை சும்மா இருக்கும்" என்றார். கழற்றினேன். கரடிக்குள்ளிருந்து வேர்த்து ஒழுகும் ஓர் ஆள் வெளியே வந்ததைப் பார்த்ததும் அதற்கு ஜன்னியே வந்துவிடும் போல ஆகிவிட்டது. கரடியைப் பார்த்து அழுத பிள்ளை, என்னைப் பார்த்து மூச்சடைத்துப்போனது. அன்றைக்கு நான் ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். என்ன வந்தாலும் ஜனங்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. அந்தப் பாடத்தைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அது சரியான பாடம்தான். சரியான பாடமும் ஒருநாள் ஆளைக் கொல்லப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு சித்திரை மாதம், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் எடை போடும் முத்தையா என்பவர் சங்கரன்கோவிலில் என் வீட்டைத் தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும். கூட அவர் மனைவி செண்பகம். அவர்களுடைய ஒரே மகளுக்கு நெஞ்சில் ஓட்டை. திருநெல்வேலியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு ஆறு நாள் முன்னால், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் அவர்களுடைய சொந்த ஊர் அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. அந்தக் கொடையில் வேஷம் கட்டிக் கோவிலை மூன்று சுற்று வருவதாக மகளுக்காக நேர்ந்திருக்கிறார்.

"கரடியா, குரங்கா?" என்று கேட்டேன்.

"யாளி" என்றார்.

"யாளியா? அது தூணுல நிக்கதுல்லா. அதை யாரு வேஷம் கட்டுவா?"

"கனவுல வந்துச்சு அண்ணாச்சி. எம்மவளைத் துதிக்கையால தூக்கி முதுகுல வச்சிக்கிட்டுக் கோயிலைச் சுத்துது. நான் பின்னாலயே ஓடுதேன். மூணாவது சுத்து முடியல, முழிப்பு வந்துட்டு. முடிச்சு வைக்கணும்லா?"

செண்பகம் என்னிடம், "கனவு காணுத ஆளே இல்லை அண்ணாச்சி இவுக. படுத்தா மூட்டை மாதிரிக் கிடப்பாவ. அதான் எனக்கும் பயமா இருக்கு. செஞ்சு குடுத்துருங்க" என்றாள்.

அதுவரை நான் யாளி செய்ததில்லை. கோவில் மண்டபத்துக்குப் போய்த் தூண் தூணாகப் பார்த்தேன். ஒரு யாளிக்குத் துதிக்கை இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. ஒன்றுக்குக் குதிரை உடம்பு, இன்னொன்றுக்குச் சிங்க உடம்பு. அங்கே நின்ற குருக்களிடம், "சாமி, இதுல எது சரியான யாளி?" என்று கேட்டேன். "எல்லாம் சரியான யாளிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் குழம்பிக் கிடந்துவிட்டு, கனவில் துதிக்கை வந்ததால் துதிக்கையோடு செய்தேன்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பிரம்பு வைத்துத் துணி சுற்றிய துதிக்கை கனம். அது தலையை முன்னால் இழுத்தது. போட்டிருப்பவர் யாளியின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். தலை சாய்ந்தால் தரை மட்டும்தான் தெரியும். சாதாரணமாக நாம் தலையையும் உடம்பையும் நான்கு நாடாக்களால் முடிந்துவிடுவோம். நாடா இங்கே நிற்கவில்லை. ஆகவே கழுத்தைச் சுற்றித் தூண்டில் நரம்பால் தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தைத்து, மேலே பிடரி மயிரை இழுத்து மூடினால் எங்கே இணைகிறது என்பதே தெரியாது. வீட்டில் ஒருதரம் தைத்துப் பார்த்தபோது என் மனைவி, "கழுத்து எங்கன இருக்குன்னே தெரியலையே!" என்றாள். அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன்.

கொடை அன்று காலை, கோவிலுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடியில் வைத்து முத்தையாவுக்கு வேஷம் கட்டினேன். அவர் நெற்றியில் நம் கோவில் புற்றுமண்ணை இட்டேன். தலையை மாட்டிச் சுற்றிலும் தைத்தேன். கத்தரிக்கோலைச் சாமி முன்னால் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை ஊசியோடு பையில் போட்டு, நாங்கள் வந்த ஆட்டோவில் வைத்தேன். ஆட்டோக்காரர் நிழல் தேடி ஊர் முனைக்குப் போய்விட்டார்.

முத்தையாவிடம் பழக்கமான அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நான் முதுகில் இரண்டு தட்டு தட்டுவேன். நன்றாக இருந்தால் வலது கையைத் தூக்க வேண்டும். முடியவில்லை என்றால் இடது கையைத் தூக்க வேண்டும். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

மத்தியானப் பூசை முடிந்த பிறகுதான் சுற்று. பூசை தாமதமாகிக்கொண்டே போனது. மேளக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நான் சுற்று தொடங்கிய நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். தலையைத் தைத்த நேரத்தைப் பார்த்து வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. முந்தின ராத்திரியிலிருந்து அவர் விரதம், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் சுற்று எப்படி இருந்தது என்கிறீர்கள்! உறுமிச் சத்தத்துக்குத் துதிக்கை தானாக ஆடுகிறது. வெயிலில் பிடரி மயிர் மினுங்குகிறது. "ஏலே, இது ஆனையா சிங்கமா?" என்று ஒருத்தன் கேட்க, "ரெண்டுக்கும் கலியாணம் ஆயிட்டு போல" என்று இன்னொருத்தன் சொல்ல, ஒரு பெரியவர், "யாளிடா மூதிகளா, கும்பிடுங்க" என்று அதட்டினார். உடனே கும்பிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையால் செய்த துணியை ஜனங்கள் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அதற்குள் இருந்த மனிதரை நான் நினைக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் பாதி தாண்டியபோது, கோவிலின் வடக்குப் பக்கம் யாளி நின்றது. உடம்பு நடுங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். "சாமி வந்துட்டு! சாமி வந்துட்டு!" என்று சத்தம். நான் பக்கத்தில் போய் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்.

இரண்டு கையும் மேலே போயின.

வலதா, இடதா என்று மட்டும்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டும் தூக்கினால் என்ன அர்த்தம்? சாமி வந்தவர்களும் இரண்டு கையையும் தலைக்கு மேலேதான் தூக்குவார்கள். மூச்சு முட்டுகிறவனும் அப்படித்தான் தூக்குவான். மறுபடியும் தட்டினேன். கைகள் இறங்கவில்லை.

அந்த ஊர்க் கோமரத்தாடி, அதாவது கொடையில் அம்மன் இறங்கி ஆடுகிற பெரியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாருக்காவது சாமி வந்தால் அவர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். "யாரு வந்திருக்கது? பேரைச் சொல்லு!" என்று யாளியின் முகத்துக்கு நேராகக் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு முனகல். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் முனகல்தான். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பிடிபடலை வே. கண்ணைப் பாத்தாச் சொல்லுவேன், குரலைக் கேட்டாச் சொல்லுவேன். ரெண்டையும்தான் நீரு மூடி வச்சிருக்கீரே."

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இருந்த வழியையெல்லாம் என் கையாலேயே அழகாக, வெளியே தெரியாமல், தைத்து அடைத்திருக்கிறேன்.

"மேளத்தை நிறுத்துங்க" என்று கத்தினேன். சாமியானால் மேளம் நின்றதும் அடங்கும், மயக்கமானால் நடுக்கம் நிற்காது என்று ஒரு கணக்குப் போட்டேன். மேளம் நின்றது. நடுக்கம் கொஞ்சம் இருந்தது, பிறகு நின்றது, பிறகு மறுபடியும் வந்தது. இதை வைத்து என்ன முடிவு செய்ய? கூட்டத்தில் ஒருவர், "மேளத்தை நிறுத்தி சாமியை மலையேத்தப் பாக்காரு வே இந்த ஆளு" என்று சண்டைக்கு வந்தார்.

செண்பகம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, கழத்திராதீங்க. இன்னும் ஒண்ணரைச் சுத்துத்தான். எம்பிள்ளை உசிரு அதுலதான் இருக்கு. முடிக்காம விட்டா அம்மன் கேப்பா."

"உள்ள உம் புருசன் இருக்காரும்மா!"

"அவுகளுக்கு ஒண்ணும் ஆவாது. அம்மன் பாத்துக்கிடுவா."

நானும் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறவன்தான். காலையில் எழுந்து அவள் பேரைச் சொல்லாமல் காப்பி குடிக்காதவன். அந்தப் பெண் சொன்னதில் தப்பென்று எதைச் சொல்வேன்?

என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே யாளியின் வாய்க்குள் கையை விட்டேன். முத்தையாவின் கன்னம் பட்டது. தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. வேர்வை இல்லை. நான் வருஷக்கணக்காகக் கரடிக்குள் வெந்தவன். உள்ளே எவ்வளவு வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். வேர்க்காத கன்னத்தை நான் ஒரு வேஷத்துக்குள் தொட்டதே கிடையாது.

நாடா இருந்திருந்தால் ஒரே இழுப்பு. நரம்பைப் பல்லால் கடித்தேன். அறவில்லை. கோவில் வாசலில் தேங்காய் பழம் விற்கும் அம்மாளின் தட்டில் எலுமிச்சம்பழம் அறுக்கும் கத்தி இருந்தது. பாய்ந்து எடுத்தேன். "சாமி மேல கத்தியை வைக்காதேயும்!" என்று நான்கைந்து பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். கத்திக்குச் சொந்தக்கார அம்மாள் எழுந்து நின்று அவர்களைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கலே அவரை! சாமியா இருந்தா ஒரு கத்திக்கா ஓடிப்போகும்? நாளைக்குக்கூட வரும். மனுசன் போனா வருவானா?"

அறுத்தேன். பிடரி மயிர், துணி, நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து அறுத்தேன். என் விரலும் அறுபட்டது. தலை கழன்று வந்தது. உள்ளே முத்தையாவின் கண் மேலே செருகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கோமரத்தாடி அந்த முகத்தைப் பார்த்ததும், மஞ்சள் நீர்க் குடத்தைத் தூக்கி அவர் தலையில் அப்படியே கவிழ்த்தார். யாரோ வேனைக் கொண்டுவந்தார்கள்.

செண்பகம் வேனில் ஏறவில்லை. நான், "ஏறும்மா, நேரமில்லை" என்கிறேன். அவள் தரையில் கிடந்த யாளித் தலையைக் குனிந்து எடுத்தாள். அறுந்த கழுத்தோடு அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க அவுகளோட போங்க அண்ணாச்சி. மீதி ஒண்ணரைச் சுத்தை நான் முடிச்சிட்டு வாரேன்."

வேன் கிளம்பும்போது மேளம் மறுபடியும் தொடங்கியது கேட்டது. அவள் நடந்ததை நான் பார்க்கவில்லை. நனைத்த துண்டை முத்தையாவின் நெஞ்சில் போட்டுக்கொண்டு, சங்கரன்கோவில் வரும்வரை கோமதியம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சந்தேகமே இல்லாமல் சொன்னார். சூடு தலைக்கு ஏறிவிட்டது, இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் தன்னிடம் கொண்டுவந்து பிரயோசனமில்லை, இனிமேல் இவர் வெயிலில் இந்த மாதிரி எதையும் மாட்டவே கூடாது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் செய்தது சரி. முடிந்தது.

முடியவில்லை. மறுநாள் முத்தையா கண் விழித்துப் பேசினார். "இரண்டு கையையும் தூக்கினீரே, என்ன நினைத்துத் தூக்கினீர்?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"கையைத் தூக்கினேனா? எனக்குத் தெரியலையே அண்ணாச்சி. ஆனா முன்னால அவ நடந்து போனா. அம்மன். மஞ்சள் சேலை. எம்மவ கையைப் பிடிச்சிக்கிட்டுப் போறா. பின்னாலயே போனேன். நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு. நீங்க கழத்துனீய. போயிட்டா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சூட்டில் மூளை கலங்கினால் அப்படித் தெரியும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அம்மன் வந்தாலும் அப்படித்தானே தெரியும்? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது என்று சட்டமா? ஒரு தகப்பன் அம்மனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது, எலுமிச்சம்பழக் கத்தியால் அறுத்து அவரை வெளியே இழுத்தவன் நான் என்றால், அதற்கு என்ன பரிகாரம்? நம் கோவில் பிரகாரத்தில் எத்தனையோ தரம் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அவள் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அது முத்தையாவின் ஒன்றரைச் சுற்றுக்குக் கிடைத்ததா, செண்பகத்தின் ஒன்றரைச் சுற்றுக்குக் கிடைத்ததா, திருநெல்வேலி டாக்டருக்கா என்பதில்தான் அவர்கள் வீட்டில் சண்டை. செண்பகத்துக்குச் சந்தேகமே இல்லை. "நேர்ச்சை முடிஞ்சிட்டு. தலை மூணு சுத்தும் வந்துச்சுல்லா" என்கிறாள். முத்தையா ஒத்துக்கொள்வதில்லை. நேர்ந்தவன் நான், நான் முடிக்கவில்லை, அம்மன் பொறுமையாகக் காத்திருக்கிறாள் என்கிறார். மறுபடியும் கட்ட வேண்டும் என்று நிற்கிறார்.

இதை நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதனால்தான். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவர் உங்களில் யாரிடமாவது வருவார். நல்ல மனிதர். கனவைச் சொல்வார். கேட்டால் உங்களுக்கு மனது இளகிவிடும். உங்கள் குட்டி ஃபேனைக் காட்டி, இப்போதெல்லாம் காற்று வருகிறதே என்பார். செய்து கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். வேறு எவருக்குச் செய்தாலும் நாடா வைத்து முடியுங்கள், தைக்காதீர்கள். தலையை மூடிய நிமிஷத்திலிருந்து நேரத்தைக் கணக்கு வையுங்கள். தண்ணீர் குடித்தாரா என்று கேளுங்கள், விரதக்காரர் என்றால் இரண்டு தரம் கேளுங்கள். கத்தரிக்கோல் உங்கள் இடுப்பில் இருக்கட்டும், சாமி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சுலபம். சாமியா, சூடா என்று தெரியாமல் ஒருநாள் நீங்கள் நிற்பீர்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் வழி கிடையாது. கழற்றிவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். கழற்றினால் உங்களுக்கு நிம்மதி வரும் என்று சொல்லமாட்டேன். எனக்கு வரவில்லை.

இந்த வருஷக் கொடைக்கு முன்னாலும் முத்தையா என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "நீரு யாரு வே என்னைக் கழத்த? நான் கேட்டேனா? எம்பொஞ்சாதியும் வேண்டாம்னாள்லா? கோமரத்தாடியே சொல்லல, உமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? அம்மனுக்கும் எனக்கும் நடுவுல நீரு யாரு?" தெருவே எட்டிப் பார்த்தது. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நின்றும் ஒரு பாட்டம் திட்டினார். முகமெல்லாம் வேர்த்துக் கழுத்து வழியே சட்டைக்குள் ஓடியது.

அவர் போன பிறகு என் மனைவி, "அவர் அம்புட்டுப் பேசுதாரு, நீங்க ஒரு பதில் சொன்னா என்ன? வாயையே பாத்துக்கிட்டு இருக்கீய" என்றாள்.

என்ன பதில் சொல்ல? ஒரு முழு மணி நேரம் அந்த மனிதர் மூச்சு வாங்காமல் கத்தினார். வேர்வை ஓடுகிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.